ஆறு மாதக் கணக்கு

1832 ஜூன் 7 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் ஒரு பென்ஷன் சட்டத்தில் கையெழுத்திட்டார். பிரிட்டனுக்கு எதிரான சுதந்திரப் போர் முடிந்து அப்போது 49 வருஷம் ஆகியிருந்தது. அந்தப் போரில் துப்பாக்கி தூக்கிய பையன்களில் மிஞ்சியவர்களுக்கு எழுபது, எண்பது வயது. ஊர்ப்படையில், அதாவது மிலிஷியாவில், இரண்டு மாதம் மூன்று மாதம் என்று போய்ச் சண்டை போட்டுவிட்டுக் கழனிக்குத் திரும்பிய விவசாயிகள் அவர்களில் ஏராளம். காயம் பட்டு முடமாகிப்போனவர்களைத் தவிர, மற்ற மிலிஷியாக்காரர்களுக்கு மத்திய அரசிடமிருந்து அதுவரை ஒரு காசு பென்ஷன் வந்ததில்லை. புதிய சட்டம் அவர்களையும் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்ட கையோடு, "எத்தனை மாதம் வேலை பார்த்தாய், நிரூபி" என்றும் கேட்டது.

கிழவர்கள் அதை எப்படி நிரூபித்தார்கள், எங்கே தோற்றார்கள் என்பதைப் பார்ப்போம். அதற்கு முன் மிலிஷியா என்பது என்ன ஏற்பாடு என்று தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்கர்கள் பக்கம் இரண்டு வகைப் படைகள் இருந்தன. ஒன்று, 1775 ஜூனில் காங்கிரஸ் அமைத்த கான்டினென்டல் ஆர்மி. வாஷிங்டனின் தலைமையில் இருந்த நிலையான பட்டாளம் இதுதான். ஒரு வருஷம், மூன்று வருஷம், அல்லது போர் முடியும் வரை என்று எழுதிக்கொடுத்துவிட்டுச் சேர்வார்கள். இன்னொன்று மிலிஷியா. இது அரசுக்கு முந்தைய ஊர் வழக்கம். பொதுவாக 16 வயதிலிருந்து 50 அல்லது 60 வயது வரை உள்ள ஆண்கள் எல்லாருடைய பெயரும் அந்தந்தப் பகுதிக் கம்பெனியில் இருக்கும். துப்பாக்கி பெரும்பாலும் அவரவருடையது. எதிரி கிட்டே வந்தால் கூப்பிடுவார்கள். வர்ஜீனியா போன்ற இடங்களில் கம்பெனியைப் பிரிவு பிரிவாகப் பிரித்து முறை வைத்து அனுப்பினார்கள். முறை வந்தவன் போக வேண்டும், போக முடியாவிட்டால் காசு கொடுத்து மாற்றாள் வைக்கலாம். அப்பாவுக்கு முறை விழுந்து, பதினாறு வயது மகன் மாற்றாளாகப் போன கதை பென்ஷன் மனுக்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

பட்டாளத்துக்காரர்களுக்கு இவர்கள் மேல் மரியாதை குறைவு. வாஷிங்டனே 1776-இல் காங்கிரஸுக்கு எழுதிய கடிதங்களில் மிலிஷியாவை நம்பிப் பயனில்லை என்று நொந்துகொண்டார். அறுவடை வந்தால் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், முதல் குண்டுச் சத்தத்தில் கலைந்துவிடுகிறார்கள் என்பது புகார். புகாரில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 1775 ஏப்ரல் 19 அன்று லெக்ஸிங்டன், கான்கார்டில் போரைத் தொடங்கியது மிலிஷியாதான். 1780 அக்டோபர் 7 அன்று தெற்கே கிங்ஸ் மவுண்டனில் பிரிட்டிஷ் மேஜர் ஃபெர்குசனின் படையைச் சுமார் ஒரு மணி நேரத்தில் ஒழித்துக்கட்டியதும் மிலிஷியாதான். அங்கே அமெரிக்கர் பக்கம் கான்டினென்டல் பட்டாளம் ஒன்றுகூட இல்லை.

இத்தனை செய்தும் பென்ஷன் வரிசையில் அவர்கள் கடைசியில்தான் நின்றார்கள். முதலில் கவனிக்கப்பட்டவர்கள் கை கால் இழந்தவர்கள். 1776-லேயே அவர்களுக்குப் பாதிச் சம்பளம் தருவதாகக் காங்கிரஸ் சொல்லியிருந்தது. 1792-இல் இதை விசாரிக்கும் வேலையை நீதிபதிகள் தலையில் கட்டியபோது சில நீதிபதிகள் முரண்டினார்கள். நாங்கள் தீர்ப்புச் சொன்ன பிறகு போர்த்துறைச் செயலர் அதை மாற்றலாம் என்றால் அது நீதிமன்ற வேலையே அல்ல என்றார்கள். முடமான ஒரு சிப்பாயின் பெயரால் 'ஹேபர்ன் வழக்கு' என்று சட்டப் புத்தகங்களில் அது இன்றும் இருக்கிறது. நீதித்துறையின் சுதந்திரம் பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள் அதைக் குறிப்பிடுவது உண்டு.

அடுத்து 1818. கான்டினென்டல் ஆர்மியில் ஒன்பது மாதமாவது இருந்து, இப்போது கஷ்டத்தில் இருப்பவர்களுக்குச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர், அதிகாரிக்கு 20 டாலர் என்றது அந்த வருஷச் சட்டம். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம் வந்ததும் அரசு பதறியது. 1820-இல், சொத்துப் பட்டியல் கொடு, ஏழை என்று காட்டு என்று புது நிபந்தனை போட்டார்கள். ஜோசப் பிளம் மார்ட்டின் என்ற சிப்பாய் மெயின் பகுதியில் கொடுத்த பட்டியலில் இரண்டு மாடு, ஆறு ஆடு, ஒரு பன்றி இருந்தன. நிலம் இல்லை. அவருக்குப் பென்ஷன் கிடைத்தது. கிடைக்காதவர்கள், கிடைத்துப் பறிபோனவர்கள் பலர். இந்தச் சட்டங்களில் மிலிஷியாவுக்கு இடமே இல்லை.

1832-இல் மனம் மாறியதற்குக் காரணங்கள் உண்டு. அந்தப் போரில் அமெரிக்கர் பக்கம் நின்ற பிரெஞ்சுக்காரர் லஃபாயெத் 1824, 25-இல் நாடு முழுக்கச் சுற்றிப் போன இடமெல்லாம் பழைய வீரர்களைக் கட்டித் தழுவிவிட்டுப் போயிருந்தார். 1826 ஜூலை 4 அன்று, சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாம் வருஷ நாளில், முன்னாள் ஜனாதிபதிகள் ஜெஃபர்சனும் ஜான் ஆடம்ஸும் ஒரே நாளில் இறந்தார்கள். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது என்பது எல்லாருக்கும் உறைத்தது. கஜானாவிலும் பணம் சேர்ந்திருந்தது. சுங்க வரி வருமானத்தில் தேசியக் கடனை அடைத்துக்கொண்டே வந்து 1835 ஜனவரியில் முழுவதையும் தீர்த்துவிட்டார்கள். பணம் இருக்கும்போது நன்றியுணர்ச்சியும் கொஞ்சம் சுலபமாக வரும். ஜாக்சனுக்கு இதில் சொந்த அனுபவமும் இருந்தது. கரோலினா எல்லையில் பதின்மூன்று வயதில் மிலிஷியாவுக்குத் தகவல் கொண்டுபோன பையன் அவர். அடுத்த வருஷம் பிடிபட்டபோது பிரிட்டிஷ் அதிகாரியின் பூட்ஸைத் துடைக்க மறுத்து வாளால் வெட்டு வாங்கியவர்.

எவ்வளவு கிடைக்கும்?

இந்தச் சட்டத்தில் ஏழை என்று காட்ட வேண்டியதில்லை. இரண்டு வருஷம் சேவை செய்திருந்தால் ஆயுள் முழுக்க முழுச் சம்பளம். காலாட்படைச் சிப்பாய்க்கு அது வருஷத்துக்கு 80 டாலர், குதிரைப்படையாளுக்கு 100. இரண்டு வருஷத்துக்குக் குறைவென்றால் மாதக் கணக்குப்படி விகிதம். ஆனால் ஆறு மாதத்துக்குக் கீழே போனால் ஒன்றும் கிடையாது. எந்தப் பட்டாளம் என்ற பேதம் போய்விட்டது. கான்டினென்டல், மாநிலப் படை, மிலிஷியா, கடற்படை, எல்லைக் காட்டில் உளவு பார்த்தவர்கள் எல்லாரும் வரலாம்.

ஒருவரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆள் கற்பனை, ஆனால் அந்தக் காலத்து மனுக்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. வர்ஜீனியாவில் 1760-இல் பிறந்த விவசாயி. 1779-இல் மூன்று மாதம், சாரடோகாவில் பிடிபட்ட பிரிட்டிஷ், ஜெர்மன் கைதிகளை சார்லட்ஸ்வில் பக்கத்துக் கொட்டகைகளில் காவல் காத்தார். 1781 தொடக்கத்தில் பிரிட்டிஷ் படையோடு வந்த பெனடிக்ட் ஆர்னால்ட் ரிச்மண்டைக் கொள்ளையடித்தபோது இரண்டு மாதம் போனார். அந்த வருஷக் கடைசியில் மூன்று மாதம் யார்க்டவுன் முற்றுகை. அங்கே சரணடைந்த படையின் தளபதி கார்ன்வாலிஸ். பதினோரு வருஷம் கழித்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானைப் பாதி ராஜ்யத்தைக் கொடுக்க வைத்ததாக நாம் பள்ளியில் படித்த அதே கார்ன்வாலிஸ்தான். நம் விவசாயி யார்க்டவுனில் பிடிபட்ட கைதிகளை வின்செஸ்டர் வரை நடத்திக்கொண்டு போய் விட்டுவிட்டு வீடு திரும்பினார்.

மொத்தம் எட்டு மாதம். 24-இல் 8 பங்கு, அதாவது 80 டாலரில் மூன்றில் ஒன்று. வருஷத்துக்கு 26 டாலர் 66 சென்ட். மார்ச் 4, செப்டம்பர் 4 என்று வருஷத்துக்கு இரண்டு தவணை. 1831 மார்ச் 4-இலிருந்து கணக்கு ஓடும் என்று சட்டம் சொன்னதால், 1833-இல் சான்றிதழ் வந்தால் இரண்டு வருஷ பாக்கி 53 டாலர் சொச்சம் மொத்தமாகக் கையில் வரும். ஆண்டுத் தொகை, பண்ணையாள் ஒருவன் இரண்டு மூன்று மாதம் உழைத்து வாங்கும் கூலி. அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. உப்பு, மருந்து, மகன் வீட்டில் சாப்பிடும்போது கொஞ்சம் கௌரவம் ஆகியவற்றுக்குப் போதும். கடன்காரன் இந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது என்றும் சட்டம் எழுதி வைத்திருந்தது. அதை எழுதியவருக்குக் கிழவர்களின் வீட்டு நிலைமை தெரிந்திருக்க வேண்டும்.

கோர்ட்டில் ஒரு நாள்

மனுவைத் தபாலில் அனுப்பிவிட முடியாது. மாவட்டக் கோர்ட்டு கூடும் நாளில் நேரில் போய், நீதிபதி முன் சத்தியம் செய்து, வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். குமாஸ்தா எழுதிக்கொள்வார். நடக்கவே முடியாதவர் என்றால் நீதிபதி ஒருவர் வீட்டுக்கே வந்து எழுதிக்கொள்ளலாம், ஆனால் ஏன் வந்தார் என்பதையும் எழுத வேண்டும். படிக்கத் தெரியாதவர் கடைசியில் ஒரு பெருக்கல் குறி போடுவார். கோப்புகளில் அந்தக் குறிகளைப் பார்த்தால் கை நடுக்கம் தெரியும். சிலருடையது இரண்டு கோடும் சந்திக்காமலே நின்றுவிடுகிறது.

போர்த்துறை ஏழு கேள்விகளை அச்சிட்டு அனுப்பியிருந்தது. எங்கே, எந்த வருஷம் பிறந்தாய்? வயதுக்கு எழுத்தில் ஆதாரம் உண்டா, எங்கே இருக்கிறது? படைக்குப் போகும்போது எங்கே குடியிருந்தாய், பிறகு எங்கெல்லாம் இருந்தாய், இப்போது எங்கே? தானாகப் போனாயா, முறை விழுந்து போனாயா, மாற்றாளாகப் போனாயா, மாற்றாள் என்றால் யாருக்கு? கூட இருந்த நிலையான பட்டாளத்து அதிகாரிகள் யார், எந்தெந்த ரெஜிமெண்ட், என்ன நடந்தது? விடுவிப்புச் சீட்டு கொடுத்தார்களா, யார் கொடுத்தார், அது என்ன ஆயிற்று? ஊரில் உன்னை அறிந்தவர்கள், உன் நாணயத்துக்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் யார்?

ஆறாம் கேள்விக்கு வந்த பதில்கள் ஒரு தனிப் புத்தகம் ஆகும். சீட்டே தரவில்லை, கேப்டன் வாயால் போகச் சொன்னார். தந்தார்கள், வீடு எரிந்தபோது போயிற்று. ஆற்றில் நனைந்தது. பெட்டியில் எலி கடித்தது. இது எதற்காவது உதவும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? ஐம்பது வருஷத்தில் வர்ஜீனியாவிலிருந்து கென்டக்கி, அங்கிருந்து இந்தியானா என்று மூன்று மாநிலம் மாறிய குடும்பத்தில் ஒரு துண்டுக் காகிதம் தங்கியிருந்தால்தான் அதிசயம்.

இதில் ஓர் அநியாயமும் இருக்கிறது. காகிதத்தைத் தொலைத்தது கிழவர்கள் மட்டும் அல்ல. 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகமே தீப்பிடித்து எரிந்தது. 1814-இல் பிரிட்டிஷ் படை வாஷிங்டன் நகருக்குத் தீ வைத்தபோது இன்னும் கொஞ்சம் போயிற்று. மிலிஷியாப் பட்டியல்களோ பல இடங்களில் முதலிலிருந்தே ஒழுங்காக இல்லை. மாசசூசெட்ஸ் போன்ற வடகிழக்கு மாநிலங்களில் சம்பளப் பட்டியல்கள் நன்றாகவே தப்பியிருந்ததால் அங்கத்து ஆட்களுக்கு மாநில அலுவலகத்திலிருந்து ஒரு சான்று வாங்கினால் வேலை முடிந்தது. தெற்கத்திக்காரருக்கு நினைவு ஒன்றுதான் கையிருப்பு. தன் பதிவேட்டைத் தொலைத்த அரசு, எண்பது வயதுக்காரரிடம் 1780-ஆம் வருஷம் எந்த மாதம் எந்தக் கர்னலின் கீழ் இருந்தாய் என்று கேட்டது.

அவர்கள் மாதத்தை நாள்காட்டியில் வைத்து நினைக்கவில்லை. சோளம் முழங்கால் உயரம் இருந்தபோது போனோம், கதிர் அறுத்து முடிந்த பிறகு திரும்பினோம் என்றார்கள். நியூ இங்கிலாந்துக்காரர்களுக்கு இன்னொரு அடையாளம் இருந்தது. 1780 மே 19 அன்று அங்கே பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு வந்து, நண்பகலில் மெழுகுவத்தி ஏற்ற வேண்டியிருந்தது. அந்த இருட்டு நாளில் எங்கே நின்றோம் என்பது சாகும் வரை மறக்காது. அதிகாரிகளின் பெயர் குழம்பும். இரண்டு வருஷத்துச் சண்டைகள் ஒன்றாகிவிடும். ஆனால் மூன்று நாள் சோறில்லாமல் பச்சைச் சோளத்தைத் தின்றது, பக்கத்தில் நின்றவனுக்குக் குண்டு எங்கே பட்டது என்பதெல்லாம் பிசகாது. குமாஸ்தாக்களில் சிலர் அவசரக்காரர்கள், பெயரும் தேதியும் மட்டும் எழுதினார்கள். சிலர் கிழவர் பேசப் பேச எழுதிக்கொண்டே போனார்கள். நமக்கு அதிர்ஷ்டம் அந்த இரண்டாம் வகை.

கடைசியில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒருவர் ஊர்ப் பாதிரியார், மற்றவர் அக்கம்பக்கத்தில் மதிப்புள்ளவர். இவருக்கு இத்தனை வயது இருக்கும் என்று நம்புகிறோம், இவர் போரில் இருந்தவர் என்று இந்த வட்டாரத்தில் பேச்சு உண்டு, அதை நாங்களும் நம்புகிறோம் என்று எழுதித் தருவார்கள். காகிதம் இல்லாத இடத்தில் ஊர்வாய்ப் பேச்சே சட்டப்படி சாட்சி ஆனது. கரோலினாக்களில் இது இரண்டு பக்கமும் வெட்டியது. அங்கே நடந்தது பாதி உள்நாட்டுச் சண்டை, பக்கத்து வீட்டுக்காரனே எதிர்ப்பக்கம். ஒரு சமயம் ராஜா பக்கமும் நின்றவர் யார் என்பதை ஊர் ஐம்பது வருஷம் ஆனாலும் மறப்பதில்லை.

எது சேவை?

மனுக்கள் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தால் அங்கே ஜேம்ஸ் எல். எட்வர்ட்ஸ் என்ற அதிகாரி. 1833-இல் பென்ஷன் கமிஷனர் ஆகி 1850 வரை அந்த நாற்காலியில் இருந்தவர். அவருடைய அலுவலகத்திலிருந்து வந்த பதில்களில் ஒரே பல்லவி: ஒவ்வொரு முறையும் எவ்வளவு காலம், என்ன பதவி என்று தனித்தனியாகச் சொல்லவும். கிழவர் மறுபடி கோர்ட்டுக்குப் போவார். வயதாலும் ஞாபக மறதியாலும் துல்லியமாகச் சத்தியம் செய்ய முடியவில்லை, ஆனாலும் இதற்குக் குறையாமல் வேலை பார்த்தேன் என்ற பொருளில் ஒரு வாய்பாட்டு வாக்கியத்தோடு திருத்திய மனு போகும். ஆயிரக்கணக்கான கோப்புகளில் வார்த்தை மாறாமல் அந்த வாக்கியம் வருவதைப் பார்த்தால், அது கிழவர் வாயிலிருந்து வந்ததில்லை, அலுவலகம் சொல்லிக்கொடுத்தது என்று தெரிந்துவிடும்.

எட்வர்ட்ஸின் விதி இது: தகுந்த அதிகாரம் உள்ளவர் அழைத்த, ஒழுங்காகத் திரண்ட ஒரு படையில், களத்திலோ கோட்டையிலோ இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் சொந்தத் தொழில் எதுவும் பார்த்திருக்கக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேற்கு எல்லையில், கென்டக்கியிலும் அலெகனி மலைக்கு அப்புறமும், வாழ்க்கையே வேறு மாதிரி. பழங்குடியினரின் தாக்குதலுக்குப் பயந்து கோடை முழுக்கக் குடும்பத்தோடு மரக்கோட்டைக்குள் இருப்பார்கள். பாதிப்பேர் துப்பாக்கியோடு வரப்பில் நிற்க, பாதிப்பேர் உழுவார்கள், பிறகு ஆள் மாறும். காவல் நின்ற அரை நாள் சேவை, உழுத அரை நாள் சொந்தத் தொழில் என்று எந்தக் கமிஷனரால் பிரிக்க முடியும்? கூலிக்கு வண்டி ஓட்டிப் படைக்குச் சாமான் கொண்டுபோனவர்களும் இதே விதியில் மாட்டினார்கள். குண்டு வண்டிக்காரன் மேலும்தான் பாய்ந்தது, ஆனாலும் அவன் சிப்பாய் இல்லை.

ஆறு மாத வரம்புதான் இதிலெல்லாம் கொடுமையானது என்பது என் எண்ணம். கிங்ஸ் மவுண்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1780 செப்டம்பர் 25 அன்று மலைக்கு அப்பால் சிக்கமோர் ஷோல்ஸில் கூடினார்கள். பனி விழுந்த கணவாயைத் தாண்டி நடந்தார்கள், அக்டோபர் 7 அன்று சண்டை போட்டார்கள், வீட்டுக்குத் திரும்பினார்கள். தெற்கில் போரின் போக்கைத் திருப்பிய சண்டை அது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பென்ஷன் அலுவலகத்தின் கணக்கில் அது ஒரு மாதத்தை ஒட்டிய சேவை. அதோடு வேறு எதுவும் செய்யாதவருக்கு ஒன்றும் இல்லை. ஒரு சண்டையையும் பார்க்காமல் ஆறு மாதம் கைதிகளைக் காத்தவருக்கு வருஷம் 20 டாலர். ஆபத்தை அளக்க அலுவலகத்திடம் கருவி இல்லை, காலத்தை அளக்க இருந்தது. எந்த அரசுக்கும் வேறு வழி தெரிந்திருக்காது என்று சமாதானம் சொல்லலாம். மனு தள்ளப்பட்டவருக்கு அந்தச் சமாதானம் என்ன செய்யும்?

வரம்பு இருந்தால் அதை எட்டிப்பிடிக்க ஆளும் இருப்பார்கள். மனு எழுதிக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்த ஏஜெண்டுகள் மூன்று மாதத்தை ஒன்பது மாதமாக்கினார்கள். இன்றைய மேற்கு வர்ஜீனியாவில் லூயிஸ், ஹாரிசன் மாவட்டங்களிலிருந்து மனுக்கள் சந்தேகப்படும் அளவுக்கு வந்ததால், 1834, 35-இல் சிங்கிள்டன் என்ற அரசு வழக்கறிஞர் நேரில் போய் ஒவ்வொருவரையும் மறுபடி விசாரித்தார். மனுவில் இரண்டு வருஷம் உளவு பார்த்தவராக இருந்தவர் நேரில் சொன்ன கதையில் சில வாரமே தேறியது. இப்படியெல்லாம் எழுதியிருக்கிறதா, எனக்குப் படித்துக் காட்டவே இல்லையே என்றவர்களும் உண்டு. சிலர் போர்க்காலத்தில் சின்னக் குழந்தைகள். பலருக்குப் பணம் நின்றது.

தள்ளப்பட்ட, நிறுத்திவைக்கப்பட்ட மனுக்களின் பட்டியல் ஒன்றை அரசு 1852-இல் அச்சிட்டது. பெயர், ஊர், காரணம், அவ்வளவுதான். ஆறு மாதம் இல்லை. கூடுதல் சான்று வேண்டும். இராணுவச் சேவை அல்ல. படையைவிட்டு ஓடியவர். பக்கம் பக்கமாக இப்படியே போகிறது.

அந்தக் காரணங்களில் மிக மோசமானது ஜெஹூ கிராண்ட் என்பவருக்குச் சொல்லப்பட்டது. ரோட் ஐலண்டில் அடிமையாக இருந்தவர். எஜமான் பிரிட்டிஷ் கப்பல்களோடு வியாபாரம் செய்தவர். தன்னையும் அந்தக் கப்பலில் ஏற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் கிராண்ட் 1777-இல் ஓடிப்போய், கனெக்டிகட்டில் அமெரிக்கப் படையில் சேர்ந்தார். வண்டி ஓட்டினார், வண்டிகளுக்குத் தலைமை அதிகாரியிடம் பணியாளாகவும் இருந்தார். சுமார் பத்து மாதம் கழித்து எஜமான் வந்து கேட்க, படை அவரைத் திருப்பி ஒப்படைத்துவிட்டது. பிறகு இன்னொருவர் அவரை வாங்கினார். உழைப்பால் அந்த விலையைக் கழித்துக் கிராண்ட் சுதந்திரம் பெற்றார். 1832-இல் மனுச் செய்தார். தப்பி ஓடிய அடிமையாக இருந்த காலத்துச் சேவை சட்டத்தில் வராது என்று தள்ளிவிட்டார்கள். 1836-இல், கண் பார்வை போன நிலையில், மறுபடி ஒரு கடிதம் சொல்லி எழுதச் செய்தார். எல்லாரும் சுதந்திரம் சுதந்திரம் என்று பாடியது தன் காதிலும் விழுந்தது, அதனால்தான் போனேன் என்ற பொருளில் அதில் விளக்கியிருக்கிறார். இரண்டாம் முறையும் இல்லை என்றார்கள். பத்து மாதத்துக்கு வருஷம் 33 டாலர் 33 சென்ட் வந்திருக்கும்.

பணத்துக்காக எழுதப்பட்ட இந்த மனுக்கள் இன்று வேறொன்றாகிவிட்டன. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்தப் போரின் பென்ஷன், நில மானியக் கோப்புகள் சுமார் 80,000 இருக்கின்றன. தளபதிகள் கடிதமும் நாட்குறிப்பும் விட்டுப்போனார்கள். எழுதத் தெரியாத சிப்பாய் போரைப் பற்றிப் பேசி யாராவது எழுதிக்கொண்டது இந்தக் கோர்ட்டு வாசலில் மட்டும்தான். ஜான் டான் என்ற வரலாற்றாசிரியர் 1980-இல் இவற்றிலிருந்து ஒரு தொகுப்பே வெளியிட்டார். படிக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். இது சாட்சியம், கூடவே விண்ணப்பம். ஒவ்வொரு வரியும் ஆறு மாதத்தை எட்டுவதற்காகப் பேசப்பட்டது. போனது ஏன், பயந்தது எப்போது, ஓடியது உண்டா என்று யாரும் கேட்கவில்லை, அவர்களும் பெரும்பாலும் சொல்லவில்லை.

விதவைகளின் கதை தனி. 1836-இல் அவர்களையும் சேர்த்தபோது, கணவனின் சேவை முடிவதற்குள் கல்யாணம் நடந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. 1838-இல் அது 1794-க்கு முன் என்றும், 1848-இல் 1800-க்கு முன் என்றும் தளர்ந்தது. 1853-இல் தேதியே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பதிவு ஏது? குடும்ப பைபிளின் நடுவில் பிறப்பு, இறப்பு, திருமணம் எழுதி வைத்த பக்கத்தைக் கிழித்து மனுவோடு அனுப்பினார்கள். பென்சில்வேனியா ஜெர்மானியக் குடும்பங்கள் பூவும் பறவையும் வரைந்த ஞானஸ்நானப் பத்திரங்களை அனுப்பின. பெண் குழந்தை தையல் பழகும்போது குடும்பப் பெயர்களையும் தேதிகளையும் பின்னிய துணிகூட ஆதாரமாகப் போயிருக்கிறது. அனுப்பியது எதுவும் பெரும்பாலும் திரும்பி வரவில்லை, இன்னும் கோப்பிலேயே இருக்கிறது.

தேதி நிபந்தனை போனதால் ஒரு விளைவு. கிழவரைப் பிற்காலத்தில் மணந்திருந்த இளம்பெண்களுக்கும் பென்ஷன் கிடைத்தது. வெர்மாண்ட்டைச் சேர்ந்த எஸ்தர் டேமன் 1835-இல் ஒரு பழைய வீரரை மணந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று, மாப்பிள்ளைக்கு எழுபதைத் தாண்டிச் சில வருஷங்கள்.

வீரர்களில் கடைசியாக மிஞ்சியவர்களில் இருவர் ஒஹையோவின் ஜான் கிரேயும் நியூயார்க் மாநிலத்தின் டேனியல் பேக்மனும். இருவருக்கும் அதுவரை பென்ஷன் இல்லை. கிரேயின் சேவை ஆறு மாதத்துக்குக் குறைவு. பேக்மனிடம் காட்டக் காகிதம் இல்லை. 1867 பிப்ரவரியில் காங்கிரஸ் ஆளுக்கொரு தனிச் சட்டம் போட்டு வருஷத்துக்கு 500 டாலர் கொடுத்தது. 1832-இல் முழு இரண்டு வருஷம் சேவை செய்த சிப்பாய்க்குக் கிடைத்ததைவிட இது ஆறு மடங்குக்கும் மேல். கிரே 1868-இலும் பேக்மன் 1869-இலும் இறந்தார்கள். எஸ்தர் டேமன் 1906 வரை வாங்கினார். பட்டியலில் கடைசியாக மிஞ்சிய பெயர் அவருடையது அல்ல. ஒரு வீரரின் மகளான ஃபீபி பாமெட்டர், தனிச் சட்டத்தின்படி பென்ஷன் பெற்றவர். போர் முடிந்து 128 வருஷம் கழித்து, 1911 ஏப்ரலில் அவர் இறந்த பிறகுதான் அமெரிக்கக் கஜானா அந்தக் கணக்கை மூடியது.